அண்ணாவின் கல்யாண எழுத்துக்கு முன் ஒரு குருதிப் பரிசோதனை

கேள்வி: வெள்ளவத்தையில் உயர்தர உயிரியல் படிக்கிறேன். எனக்கு பீட்டா தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயின் காவி (அதன் பழுதைப் பிள்ளைகளுக்குக் கடத்தக்கூடியவர்) என்று அறிக்கை வந்திருக்கிறது. அம்மாவுக்கும் எம்.சி.வி. (செங்குழியத்தின் சராசரிப் பருமன்) 68தான். இணையத்தில் படித்த நாளிலிருந்து நித்திரை இல்லை. இரும்புச்சத்துக் குளிசை எடுக்கிறேன், முடி கொட்டுகிறது. குருதி வகையில் அம்மா ஏ, அப்பா பி, நான் ஓ: இது எப்படி? அண்ணாவுக்கு மாமாவின் மகளைப் பேசியிருக்கிறார்கள். என் விஷயம் வெளியில் தெரியக்கூடாது என்கிறார் அம்மா.

பதில்: உங்களுக்கு அந்த நோய் வராது, பிள்ளை. நாற்பது வயதிலும் வராது. ஹீமோகுளோபினின் பீட்டாச் சங்கிலிக்கான பரம்பரையலகு 11ஆம் நிறமூர்த்தச் சோடியில் இரண்டு பிரதிகளாக இருக்கிறது. உங்களிடம் ஒன்று பழுது, மற்றது வேலை செய்கிறது. பரீட்சைத் தாளில் நீங்கள் எழுதும் பல்லினநுகம் இதுதான். செங்குழியங்கள் சிறியவை, ஹீமோகுளோபின் சற்றுக் குறையலாம், அவ்வளவே. கர்ப்பகாலத்தில் மட்டும் வைத்தியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இணையத்தில் பார்த்துப் பயந்த, ஆயுள் முழுதும் இரத்தம் ஏற்றும் பிள்ளைகளுக்கு இரண்டு பிரதிகளும் பழுது.

குளிசையை இன்றே நிறுத்துங்கள். யாரைக் கேட்டு வாங்கினீர்கள்? உங்கள் செங்குழியம் சிறுத்ததற்கு இந்தப் பரம்பரையலகே போதிய காரணம். உடலில் சேமித்த இரும்பைக் காட்டும் பெரிட்டின் அளவைப் பார்த்து, குறைவென்று தெரிந்தால் மட்டுமே இரும்பு. முடி கொட்டுவதற்குக் காரணம் சொல்லவும் அந்த அறிக்கை வரட்டும். குருதி வகைக்காகக் கலங்கவே வேண்டாம்: பெற்றோர் இருவரிடமும் ஓ எதிருரு (பரம்பரையலகின் ஓ வடிவம்) மறைந்திருந்தால் ஓ பிள்ளை பிறக்கும். பனெட் சதுரத்தைப் போட்டுப் பாருங்கள், ஒரு நிமிடத்தில் தெரியும்.

என்னைக் கவலைப்படுத்துவது உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரிகள்தான்.

அம்மாவின் எம்.சி.வி.யும் குறைவு என்பதால், பழுது அவரிடமிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அம்மா காவி என்றால் அண்ணா காவியாக இருக்க 50 வீத வாய்ப்பு உண்டு. அம்மாவின் சகோதரனுக்கும் அப்படியே. அவருடைய மகளுக்கு 25 வீதம். இந்தப் பழுதை மாமா வீட்டுக்கும் உங்கள் வீட்டுக்கும் கொடுத்தது ஒரே பாட்டனோ பாட்டியோ ஆகலாம். அண்ணாவும் மாமா மகளும் காவிகளானால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் தலசீமியா மேஜர், அதாவது இரண்டு பிரதிகளும் பழுதான கடும் நோய், வர 25 வீத வாய்ப்பு. நான்கு பிள்ளைகளில் ஒன்று என்று கணக்குப் போடாதீர்கள். முதல் பிள்ளையே அதுவாகலாம், அடுத்ததும் ஆகலாம். அந்தக் குழந்தை பிறக்கும்போது நன்றாகவே இருக்கும். முதல் இரண்டு வருடங்களுக்குள் வெளிறத் தொடங்கும். அதன்பின் சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம், சேரும் இரும்பை வெளியேற்ற மருந்து, வாழ்நாள் முழுவதும்.

கருவிலேயே கண்டறியப் பரிசோதனை உண்டு. ஆனால் நம் இலங்கைச் சட்டம் தாயின் உயிரைக் காக்க மட்டுமே கருக்கலைப்பை அனுமதிக்கிறது. ஆகவே, நமக்கு முடிவெடுக்கக் கிடைக்கும் நேரம் திருமணத்துக்கு முன்புதான்.

அண்ணா முழுக் குருதிக் கலப் பரிசோதனை செய்யட்டும். எம்.சி.வி. 80இற்குக் கீழோ எம்.சி.எச். (ஒரு செங்குழியத்தில் உள்ள சராசரி ஹீமோகுளோபின் அளவு) 27இற்குக் கீழோ இருந்தால், ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. பரிசோதனையும் வேண்டும். அவற்றில் ஏ2 என்ற வகை 3.5 வீதத்தைத் தாண்டினால் அவரும் காவி எனக் கொள்ள வேண்டும். மச்சாளும் அதே பரிசோதனைகளைச் செய்ய வேண்டும். இருவரில் ஒருவருக்கு இல்லை என்று உறுதியானால் இந்த நோயைச் சொல்லி யாரும் சம்பந்தத்தைத் தடுக்கத் தேவையில்லை. இருவரும் காவிகள் என்றால் குருணாகலில் இருக்கும் தேசிய தலசீமியா நிலையத்தில் ஆலோசனை கேட்கலாம்.

இந்தப் பத்தியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். அறிக்கையை ஒளித்தால் பாதிக்கப்படப் போவது அவருடைய பேரப்பிள்ளை. எழுத்துக்கு நாள் குறிக்கும் முன் அண்ணா இரத்தம் கொடுத்துவிட வேண்டும், இந்த வாரமே.