டிராக்டர் உங்களுடையது, சாவி யாருடையது?

கேள்வி: பேராக், சுங்கை சிப்புட் பக்கம், தோட்டத்து ஓரத்தில் வீடு. மெயின் ரோட்டிலிருந்து வீடு வரை 300 அடி செம்மண் பாதை. அதை நிரவ இரண்டு வருடத்துக்கு முன் 20,000 வெள்ளி கடன் எடுத்து, பழைய சின்ன டிராக்டரும், பின்னால் மாட்டி மண்ணை நிரவும் பாக்ஸ் பிளேடும் வாங்கினேன். இப்போது கிரெடிட் கார்டில் 7,200 வெள்ளி நிற்கிறது. ஊழியர் சேமநிதியில் (EPF) எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய ஃபிளெக்ஸிபல் கணக்கிலிருந்து எடுத்து அடைக்கலாமா? மச்சான் பெரிய டிராக்டராக மாற்றச் சொல்கிறார்.
– 46 வயது வாசகர்

பதில்: கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: "மாதம் இரண்டு ஞாயிறு மச்சான் வண்டியை எடுத்துப் போய் சொந்தக்காரர் வீட்டுப் பாதைகளை நிரவிக் கொடுப்பார்." விஷயமே அங்கேதான் இருக்கிறது.

ஒரு ஞாயிறுக்கு ஐந்து மணி நேரம் என்றால் வருடத்துக்கு 120 மணி நேரம். உங்கள் பாதைக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, இரண்டு மணி நேரம், மொத்தம் 12. வண்டி 11 மணி நேரம் ஓடினால் 10 மணி நேரம் அவர்களுக்கு! மாதத் தவணையோ 433 வெள்ளி, முழுசும் உங்களுக்கு.

டீசலும் உங்கள் காசு. மணிக்கு இரண்டரை லிட்டர், லிட்டர் 3 வெள்ளி என்று தோராயமாகப் போட்டாலும் அந்த 120 மணி நேரத்துக்கு 900 வெள்ளி. தீபகற்ப மலேசியாவில் 2024 ஜூனில் மானியத்தை எடுத்த அன்று விலை 3.35 என்பது ஞாபகம் இருக்கும். ரிப்பேருக்குப் போன வருடம் 2,800. ஆக 3,700. இரண்டு வருடத்துக்குப் பெருக்கிப் பாருங்கள், கார்டில் நிற்கும் தொகை எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

ரிப்பேர் ஏன் வருகிறது? வெயிலில் காய்ந்த செம்மண்ணை சின்ன வண்டியின் பிளேடு கடிக்காது, வழுக்கிக்கொண்டு போகும். உடனே பிளேடு மேல் இரண்டு கான்கிரீட் கல்லைத் தூக்கி வைப்பார்கள். அந்த பாரம் கியரில் போய் உட்காரும். மழை விட்ட மறுநாள் இழுத்தால் மண் தானாகவே கொடுக்கும். ஆனால் ஓசி வண்டிக்கு மழை பார்த்து யார் காத்திருப்பார்?

இந்த ஞாயிறே சாவியை வாங்கி வையுங்கள். "வண்டி கடன்ல இருக்கு மச்சான். மணிக்கு 40 வெள்ளி, நான்தான் ஓட்டுவேன்" என்று சொல்லுங்கள். முகம் கொஞ்சம் சுருங்கும். பாதி பேருக்குப் பாதை திடீரென்று நன்றாகிவிடும்.

சேமநிதிக்கு வருவோம். கார்டு வட்டி ஆண்டுக்கு 18 விழுக்காடு வரை, உங்கள் பாக்கிக்கு மாதம் நூறு வெள்ளிக்கு மேல். சேமநிதி 2024-க்குக் கொடுத்த ஈவு 6.3. கணக்குப்படி எடுத்து அடைப்பது சரிதான். ஆனால் மூன்று மாதம் சாவி உங்கள் கையிலேயே இருந்த பிறகு எடுங்கள். இல்லையென்றால் கணக்கும் காலியாகி, கார்டும் மறுபடி நிரம்பும்.

பெரிய டிராக்டர் வேண்டவே வேண்டாம். 'இப்போது வாங்கு, பிறகு கொடு' செயலியில், இறுகிய மண்ணைக் கிளறும் ரிப்பர் பல் வாங்கலாம் என்று விற்பவர் சொன்னாராமே, அதையும் விடுங்கள். தவணை கழுத்தை நெரித்தால், கடன் ஆலோசனை தரும் ஏகேபிகே (AKPK) அலுவலகத்துக்குப் போங்கள், ஆலோசனை இலவசம்.

உங்கள் பாதைக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை பிளேடு தேவைப்படுகிறதே, அது நடுவில் தண்ணீர் நிற்பதால். பத்தடி அகலத்துக்கு நடுவை இரண்டு, இரண்டரை அங்குலம் உயர்த்தி, இரண்டு ஓரமும் கால்வாய் வெட்டுங்கள். குழி விழுந்த இடத்தில் கிரஷர் ரன் (ஜல்லியும் கல்தூளும் கலந்தது) கொட்டுங்கள். ஒரு மழைக்காலம் தாங்கினால், வண்டியின் இன்றைய விலையையும் கடன் பாக்கியையும் குறித்து எனக்கு மறுபடி எழுதுங்கள். விற்பதா வைப்பதா என்று அப்போது பார்க்கலாம்.