இலங்கை டூர்ல பட்டாம்பூச்சி போட்டோ: மேக்ரோ லென்ஸ் வாங்கணுமா?

கோயம்புத்தூர்ல இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கார். மார்ச் கடைசில குடும்பத்தோட ஒரு வாரம் இலங்கை போறாங்களாம், கண்டி, சிகிரியா, கடைசியா சிங்கராஜா காட்டுல ரெண்டு நாள். கையில கேனான் 200டி கேமரா, அதுகூட வந்த 18-55 லென்ஸ், அப்புறம் ஒரு 55-250 எஸ்டிஎம் ஜூம் லென்ஸ். ஊர்ல பட்டாம்பூச்சிய எடுக்க ட்ரை பண்ணி பார்த்தா கிட்ட போறதுக்குள்ள பறந்துடுதாம், கிடைச்ச ஒண்ணு ரெண்டுலயும் பாதி ரெக்கை ஷார்ப்பா இருக்கு மீதி கலங்கி கிடக்கு. ரொம்ப கிட்ட போய் பெருசா எடுக்கற 100 எம்எம் மேக்ரோ லென்ஸ் ஒண்ணு வாங்கிட்டு போயிடலாமா, ட்ரைபாட் தூக்கிட்டு போகணுமா, மனைவியோட போன் போதுமானு கேள்வி.

லென்ஸ் வாங்காதீங்க. மேக்ரோ நல்ல லென்ஸ்தான், நானும் வெச்சிருக்கேன், ஆனா உங்க பிரச்சினைக்கு அது மருந்து இல்ல. உங்ககிட்ட இருக்கற 55-250 எஸ்டிஎம், 85 சென்டிமீட்டர் தூரத்துல ஃபோகஸ் ஆகும், அந்த தூரத்துல ஜூம 250-ல வெச்சீங்கன்னா ஃப்ரேமோட அகலம் கிட்டத்தட்ட ஏழரை சென்டிமீட்டர்தான் வரும். அங்க நீங்க ஆசைப்படற பட்டாம்பூச்சி எல்லாம் ரெக்கை விரிச்சா அதைவிட பெருசு, புளூ மோர்மன் ஒரு 12 சென்டிமீட்டருக்கு மேல இருக்கும், இலங்கையோட தேசிய பட்டாம்பூச்சியான பேர்ட்விங் 15-ஐ தாண்டும், அதுக்கெல்லாம் நீங்க பின்னாடி வரணுமே தவிர முன்னாடி போக வேண்டியதில்ல. அதே ஃப்ரேம மேக்ரோல எடுக்கணும்னா இன்னும் ஒரு சாணுக்கு மேல கிட்ட போகணும், இப்பவே பறந்துடுதுன்னு சொல்றீங்க.

மேக்ரோ நிஜமாவே தேவைப்படறது தரையோட தரையா பறக்கற குட்டி நீலப்பூச்சிகளுக்கு மட்டும்தான், நகம் அளவு இருக்குமே அது. அதுக்கு கூட 58 எம்எம் ஃபில்டர் மரையில மாட்டற 2 டயாப்டர் பவர் க்ளோஸ்-அப் லென்ஸ் ஒண்ணு இருந்தா போதும், லென்ஸ் முன்னாடி திருகிட்டா அரை மீட்டர்ல இருந்தே எடுக்கலாம், ஃப்ரேம் நாலரை சென்டிமீட்டர் சுமாருக்கு சுருங்கிடும். வாங்கும்போது ரெண்டு கண்ணாடிய ஒட்டி செஞ்ச டைப்பா கேட்டு வாங்குங்க. நாலு பீஸ் ஒரு செட்டுன்னு சல்லிசா விக்கறாங்களே, அதுல ஓரமெல்லாம் ஊதா கலர் கசியும்.

சரி, அப்ப ஏன் பறந்துடுது? நீங்க எடுக்கப் போற நேரம் தப்பா இருக்கும்னு நினைக்கறேன். பட்டாம்பூச்சிக்கு உடம்புல சூடு ஏறாம பறக்க முடியாது, அதனால காலை வெயில் இலை மேல விழற நேரத்துல வந்து ரெக்கைய நல்லா விரிச்சு வெச்சுட்டு காயும். அந்த முதல் ஒன்றரை ரெண்டு மணி நேரம்தான் உங்களுக்கு. சுமாரா எட்டு மணிக்கு ஆரம்பிச்சு பத்து வரைக்கும்னு வெச்சுக்கங்க, அடர்ந்த காட்டுக்குள்ள வெயில் இறங்கவே லேட்டாகும், அங்க கொஞ்சம் தள்ளிப்போகும். அதுக்கப்புறம் சூடேறிடுச்சுன்னா உக்காரவே உக்காராது, நீங்க பின்னாடி ஓடி வேர்த்து விறுவிறுத்து போறதுதான் மிச்சம். மார்ச் கடைசி ரெண்டு பருவமழைக்கு நடுவுல வர்ற காலம், காலையில பளிச்னு இருக்கும், மத்தியானத்துக்கு மேல இடி மழை கொட்டறது சகஜம், அதனாலயும் காலைய விட்டா ஒண்ணும் இல்ல. ஹோட்டல்ல எட்டு மணிக்குத்தான் பிரேக்ஃபாஸ்ட் ஆரம்பிக்கும், சாப்பிட்டு கிளம்பி போய் சேர்றதுக்குள்ள நல்ல நேரம் முடிஞ்சிடும், ராத்திரியே சொல்லி பார்சல் கட்டி வாங்கி வெச்சுக்கங்க. குடும்பத்தோட போறீங்க, இதுக்கு வீட்டுல சம்மதம் வாங்கறது உங்க பாடு.

கிட்ட போற விதம் ரெண்டாவது. நேரா, மெதுவா, குனிஞ்சு போங்க. பக்கவாட்டுல நகர்ந்தா அதுக்கு உடனே தெரிஞ்சிடும், அதே நேர்க்கோட்டுல மெல்ல நெருங்கினா அவ்வளவா கண்டுக்காது. கேமராவ முன்னாடியே கண்ணுக்கு பக்கத்துல தூக்கி வெச்சுட்டு நடங்க, கிட்ட போய் சடார்னு தூக்கினீங்கன்னா போச்சு. எல்லாத்தையும் விட முக்கியம், உங்க நிழல் அது மேல விழக்கூடாது, ஒரு செகண்ட் விழுந்தாலும் பறந்துடும். பூவுல உக்காந்ததும் அவசரப்படாதீங்க, உறிஞ்சுகுழல் சுருள் பிரிஞ்சு பூவுக்குள்ள இறங்கற வரைக்கும் நில்லுங்க, குடிக்க ஆரம்பிச்சுட்டா அப்புறம் ரெண்டு அடி கூடுதலா முன்னாடி போக விடும்.

தொரத்தறத விட ஒரு இடத்துல நிக்கறது எப்பவும் மேல். புளூ மோர்மன் எல்லாம் காட்டுப்பாதையில ஒரே ரூட்ல போய்ட்டு வந்துட்டே இருக்கும், இப்ப தலைக்கு மேல போச்சுன்னா கொஞ்ச நேரத்துல திரும்ப அதே வழியா வரும். பாதையோரம் இட்லிப்பூ, உண்ணிச்செடி, நீலமா கதிர் கதிரா பூக்கற சீமை நாயுருவி இதுல ஏதாவது ஒண்ணு வெயில் படற மாதிரி இருந்தா அங்கயே நின்னுடுங்க. கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு செடி காய்ஞ்சு கிடந்தா இன்னும் விசேஷம், ஆண் பட்டாம்பூச்சிங்க, குரோ, டைகர் வகையறா, கூட்டமா வந்து அந்த காஞ்ச தண்ட உறிஞ்சும், பொட்டைய கவர்ற வாசனைக்கு வேண்டிய ரசாயனம் அதுலதான் கிடைக்குது, அந்த நேரத்துல பக்கத்துல ஆள் நிக்கறதையே மறந்துடும். அதே மாதிரி ஓடைக்கரை ஈர மணல். புளூபாட்டில், டெய்ல்டு ஜே மாதிரி பட்டாம்பூச்சி எல்லாம் உப்புக்காக வரிசையா உக்காந்து தண்ணி குடிக்கும், மணல்ல படுத்துட்டு எடுத்தீங்கன்னா பேக்கிரவுண்ட் அப்படியே கரைஞ்சு போயிடும். உங்க வேர்வையிலயும் உப்பு இருக்கறதால ஸ்கிப்பர்ங்கற வகை பட்டாம்பூச்சி சிலது வந்து கையிலயே உக்காரும், அப்ப போன எடுங்க.

இப்ப பாதி ரெக்கை கலங்கற விஷயம். ஏழரை சென்டிமீட்டர் ஃப்ரேம்ல லென்ஸ் துவாரத்த எஃப் 8-க்கு சுருக்கி வெச்சாலும் ஷார்ப்பா இருக்கற ஆழம் அரை சென்டிமீட்டர் கூட தேறாது, இது எந்த லென்ஸ் போட்டாலும் மாறாது. அதனால ஃபோகஸ விட ஆங்கிள்தான் முக்கியம். ரெக்கை மூடி இருந்தா பக்கவாட்டுல இருந்து, விரிச்சிருந்தா மேல இருந்து, கேமராவோட முதுகு ரெக்கைக்கு இணையா வர்ற மாதிரி உடம்ப சாய்ச்சு எடுங்க, கொஞ்சம் கோணல் ஆனாலே ஒரு ஓரம் போயிடும். ஃபோகஸ் பாயின்ட் ஒண்ணே ஒண்ணு, கண்ணுல. கண்ணு ஷார்ப்பா இருந்து ரெக்கை நுனி லேசா போனா கூட யாரும் குறை சொல்ல மாட்டாங்க.

செட்டிங் ரொம்ப யோசிக்க வேண்டாம், எஃப் நம்பர நாம வெச்சா ஷட்டர கேமராவே பார்த்துக்கற ஏவி மோடு, எஃப் 8, ஷட்டர் 500-ல ஒரு பங்குக்கு கீழ இறங்காத அளவுக்கு ஐஎஸ்ஓ. நல்ல வெயில்ல 400 தாராளம், சிங்கராஜா நிழல்ல 3200 கூட ஆகும், பயப்படாதீங்க, நாய்ஸ், அதாவது புள்ளி புள்ளியா தெரியறது, இருந்தா கம்மி பண்ணிக்கலாம், அசைஞ்சத ஒண்ணும் பண்ண முடியாது. லென்ஸ்ல இருக்கற ஸ்டெபிலைசர் உங்க கை நடுக்கத்துக்குத்தான், பூச்சி அசையறதுக்கு இல்ல. பேர்ட்விங்கும் மோர்மனும் பூவுல தேன் குடிக்கும்போது கூட முன்ரெக்கைய படபடன்னு அடிச்சுட்டேதான் இருக்கும், அதுக்கு 1000-ல ஒண்ணுக்கு மேல வேணும், எஃப் 5.6-க்கு இறங்கிக்கங்க, அழுத்தி பிடிச்சா தொடர்ந்து எடுக்கற பர்ஸ்ட் மோடுல நாலஞ்சு தட்டுங்க. கறுப்பு பட்டாம்பூச்சிய பார்த்தா கேமரா இருட்டுன்னு நினைச்சு வெளிச்சத்த கூட்டிடும், புளூ மோர்மனோட அந்த இளநீலம் வெளுத்து வெள்ளையாயிடும், அதனால வெளிச்சத்த கூட்டிக் குறைக்கற எக்ஸ்போஷர் காம்பன்சேஷன மைனஸ் 2/3-ல வைங்க. இருட்டு காட்டுல வெள்ளை பூச்சி வந்தா மைனஸ் ஒண்ணு. எல்லாமே ரா ஃபைலா, அதாவது கேமரா எதையும் மாத்தாம அப்படியே சேமிக்கற ஃபைலா எடுங்க.

இடத்துக்கு வருவோம். கண்டியில மத்தவங்க டெம்பிள், ஷாப்பிங்னு சுத்தறப்ப நீங்க பேராதனை தாவரவியல் பூங்காவுக்கு போங்க, கேட் திறந்ததும் உள்ள போயிடணும், பூச்செடி நிறைய, அட்டை தொல்லை கிடையாது, கை பழக நல்ல இடம். தலதா மாளிகைக்கு, அதாவது அந்த டெம்பிளுக்கு, பின்னாடியே இருக்கற உடவத்தகலே காடும் நல்லாருக்கும், ஆனா இருட்டு. சிகிரியா பக்கம் வறண்ட பகுதி, அங்க பாறை ஏறுற கூட்டத்துல நேரத்த விடாம கீழ அகழி ஓரமும் மண் ரோட்டோரமும் பாருங்க, கிரிம்ஸன் ரோஸ் மாதிரி வெயில் தாங்கற ஜாதி கிடைக்கும், வெளிச்சமும் தாராளம்.

சிங்கராஜாதான் விருந்து. 1988-ல உலக பாரம்பரிய சின்னமா யுனெஸ்கோ அறிவிச்ச மழைக்காடு, உள்ள நடந்துதான் போகணும், டிக்கெட்டோட ஒரு கைடும் கூட வருவார். அவங்களுக்கு பறவை பார்க்க வர்ற ஆளுங்கதான் பழக்கம், பறவைக் கூட்டம் கத்தினா போதும் உங்கள இழுத்துட்டு ஓடிடுவாங்க, நாங்க பட்டாம்பூச்சிக்குத்தான் வந்தோம், மெதுவா போலாம்னு கிளம்பும்போதே சொல்லிடுங்க. குடாவ பக்கமோ பிட்டதெனிய பக்கமோ எந்த வாசல்ல போனாலும் ஆரம்பத்துல வர்ற அகலமான பாதை, பாலம், ஓடை இங்கதான் வெயில் விழும், காட்டு நடுவுல போய் இருட்டுல தேடாதீங்க. இலங்கைய தவிர வேற எங்கயும் இல்லாத சிலோன் ட்ரீ நிம்ஃப் இங்க பார்க்கலாம், வெள்ளையில கறுப்பு புள்ளி, காத்துல விட்ட டிஷ்யூ பேப்பர் மாதிரி ரெக்கைய அடிக்காமலே மிதந்துட்டு வரும். பெரும்பாலும் உயரத்துலயே இருக்கும், கீழ இறங்கறப்ப பறக்கறதையே எடுக்கற அளவுக்கு நிதானம், ஃபோகஸ் மோட அந்த நேரத்துக்கு மட்டும், பூச்சி நகர நகர ஃபோகஸும் கூடவே போற ஏஐ சர்வோல போட்டுக்கங்க. தரையில அழுகின பழம் கிடந்தா அத சுத்தி ஒரு தடவ நல்லா பாருங்க, புளூ ஓக்லீஃப் மூடி உக்காந்திருந்தா காஞ்ச இலைன்னு தாண்டி போயிடுவீங்க, நடு நரம்பு கூட அச்சு அசலா இருக்கும். இன்னொண்ணு, நம்ம தமிழ்நாடு அரசு 2019-ல மாநில பட்டாம்பூச்சியா அறிவிச்ச தமிழ் மறவன் இலங்கையிலயும் உண்டு, ஆரஞ்சு கலர்ல ஏதாவது ஓரத்துல திரிஞ்சா விடாதீங்க.

முட்டி போட்டு உக்காந்தா அட்டை ஏறும், முந்தின நாள் மழை பெஞ்சிருந்தா கேக்கவே வேணாம். அட்டை சாக்ஸ் போட்டுக்கங்க. கொசு மருந்து அடிச்ச கையோட கேமராவ தொடாதீங்க, டீட் கலந்த மருந்து பிளாஸ்டிக்க உருக்கும்.

நிறைய பேருக்கு தெரியாம முதல் ஒரு மணி நேரத்த தின்னுடறது ஏசி. ராத்திரி பூரா ஏசி ரூம்ல குளுந்து கிடந்த கேமராவ அந்த ஊர் ஈரக்காத்துல வெளிய எடுத்த உடனே லென்ஸ் கண்ணாடி மொத்தமும் வியர்த்துடும், துடைக்க துடைக்க திரும்ப வரும், துணியால தேச்சு கோடு போட்டுக்கறவங்களும் உண்டு. ராத்திரியே ஜிப்லாக் கவர்ல போட்டு மூடி வைங்க, காலையில வெளிய கொண்டு வந்து அரை மணி கழிச்சு கவர திறங்க. வேன்லயும் ஏசிய கம்மி பண்ண சொல்லுங்க, இல்லேன்னா இறங்கற ஒவ்வொரு இடத்துலயும் இதே கதைதான்.

ஒரு எச்சரிக்கை. செத்து கிடந்த ரெக்கைன்னு கூட எதையும் எடுத்து பைல போடாதீங்க, குழந்தைங்ககிட்டயும் சொல்லி வைங்க. 2024 மே மாசம் யால தேசிய பூங்காவுல பட்டாம்பூச்சி உட்பட நூத்துக்கணக்கான பூச்சிகள ஜாடியில பிடிச்சு வெச்சிருந்த இத்தாலி அப்பாவும் மகனும் மாட்டினாங்க, செப்டம்பர்ல கோர்ட் போட்ட அபராதம் 6 கோடி இலங்கை ரூபா. போட்டோக்காக பழம், உப்புத்தண்ணி எல்லாம் காட்டுக்குள்ள வைக்கறதும் வேண்டாம்.

போன் கேட்டீங்களே, மேக்ரோ மோட மறந்துடுங்க, அது வைட் லென்ஸ்ல வேலை செய்யறது, பூச்சிக்கு நாலு விரக்கடை கிட்ட கொண்டு போக சொல்லும். 2 எக்ஸோ 3 எக்ஸோ ஜூம் ஆகற டெலி லென்ஸ் போன்ல இருந்தா அதுல எடுக்க சொல்லுங்க, வீடியோ உங்க கேமராவ விட நல்லா வரும், ஈர மணல் கூட்டத்த அவங்க எடுக்கட்டும். ட்ரைபாட் வேண்டாம், மூணு காலையும் விரிச்சு முடிக்கறதுக்குள்ள பூச்சி ரெண்டு செடி தாண்டிடும். கை நடுங்கும்னா ஒத்தைக் கால் மோனோபாட் ஒண்ணு, சிங்கராஜா ஏத்தத்துல ஊன்றுகோலாவும் ஆகும்.