ஃபிஜியில் வீடு கட்டுதல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஃபிஜியின் கரும்புத் தோட்டங்களைப் பற்றி உங்கள் தளத்தில் நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் சிட்னியில் இருக்கிறேன். எங்கள் வட்டத்தில் சில குடும்பங்கள் சேர்ந்து, பள்ளிப்படிப்பை முடிக்கும் பிள்ளைகளை டிசம்பரில் பத்து நாள் ஃபிஜிக்கு அனுப்பலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். புயலில் வீடிழந்தவர்களுக்கு வீடு கட்டிக்கொடுக்கும் ஒரு தொண்டு நிறுவனம் அழைத்துப் போகிறது. கூடவே ஒரு கன்டெய்னர் நிறையத் துணிமணியும் பாத்திரமும் சேகரித்து அனுப்பச் சிலருக்கு ஆசை. ஆனால் எங்களில் ஒருவர், "டிக்கெட் காசை அப்படியே அனுப்பினால் இன்னொரு வீடு கட்டலாமே, இதெல்லாம் ஃபோட்டோவுக்குத்தான்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வாட்ஸாப் குழுவில் சண்டை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? அங்கே நம் வம்சாவளியினருக்கு மட்டும் உதவுவது சரியா என்றும் சொல்லுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: எல்லா உதவியையும் குறை சொல்லும் பதிலாக இருக்க வேண்டாம்.

ஆர்., சிட்னி

அன்புள்ள ஆர்.,

குறை சொல்லாமல் இருக்கப் பார்க்கிறேன். கன்டெய்னர் விஷயத்தில் மட்டும் அது முடியாது. அதை முதலில் பேசி முடித்துவிடுவோம்.

2015 மார்ச்சில் ஃபிஜிக்குப் பக்கத்துத் தீவுநாடான வனுவாட்டுவை ‘பாம்’ என்ற புயல் அடித்தது. அப்போது யாரும் கேட்காமலே அங்கே வந்து இறங்கிய கன்டெய்னர்கள் எழுபதுக்கும் மேல். பத்து மாதம் கழித்தும் அவற்றில் 18-ஐ எடுக்க ஆளில்லை. துறைமுகத்தில் கிடந்ததற்கான வாடகையும் கட்டணமுமே ஏறத்தாழ பதினைந்து லட்சம் அமெரிக்க டாலர் ஆயிற்று. உணவுப் பொருட்களில் பாதிக்கு மேல் காலாவதி. மறு வருடம் வின்ஸ்டன் புயலுக்குப் பிறகு ஃபிஜிக்கு வந்த மூட்டைகளில் கம்பளி ஸ்வெட்டரும் ஹை ஹீல்ஸ் செருப்பும் இருந்தன. பிரித்து அடுக்க ஆள், வைக்கக் கிடங்கு, தீவுகளுக்குக் கொண்டுபோகப் படகு, புயலுக்குப் பிந்தைய வாரங்களில் இவைதான் கிடைக்காதவை. உங்கள் கன்டெய்னர் அதே ஆளையும் கிடங்கையும் படகையும் கேட்டுத்தான் போய் நிற்கும். வேண்டாம்.

அடுத்தது பயணம். பிள்ளைகளின் கை ஃபிஜிக்குத் தேவையா என்றால், தேவையில்லை. அங்கே சுத்தியல் பிடிக்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. நம் பையன்கள் பத்து நாளில் எழுப்பும் சுவரை அவர்கள் வெகு சீக்கிரம் எழுப்பிவிடுவார்கள். ஆனால் உங்கள் நண்பரின் கணக்கிலும் ஓட்டை உண்டு. டிக்கெட் காசை யாரும் அப்படியே அனுப்பப்போவதில்லை. ஃபிஜி ரத்தானால் அது பாலித் தீவுச் சுற்றுலாவுக்குப் போகும், இது நமக்குத் தெரியாதா என்ன? இப்படிப்பட்ட பயணங்களில் தலைக்கு இவ்வளவு என்று வாங்குவதில் ஒரு பங்கு மரத்துக்கும் தகரத்துக்கும் போவதுண்டு. எவ்வளவு போகிறது என்று கேளுங்கள். தயங்காமல் பதில் சொல்கிறவர்களோடு போகலாம்.

போனால் பிள்ளைகள் பார்த்துவர வேண்டியது கூரையை. 2016 பிப்ரவரி 20 அன்று வின்ஸ்டன் கரையேறியபோது காற்று மணிக்கு 280 கிலோமீட்டர் வரை வீசியது. தென் அரைக்கோளத்தில் பதிவானவற்றிலேயே வலிமையான புயல் அதுதான். கோரோ தீவைக் கிட்டத்தட்டத் துடைத்துவிட்டு, நாட்டின் பெரிய தீவான விட்டி லெவுவின் வடகரையில் ரா மாகாணத்துக்குள் புகுந்தது. 44 பேர் இறந்தார்கள். முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் இடிந்தோ சேதமடைந்தோ போயின. பல வீடுகளில் முதலில் போனது கூரைதான்.

காற்று கூரையைத் தள்ளிச் சாய்ப்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அது மேல்நோக்கி உறிஞ்சுகிறது. ஒரு ஜன்னல் உடைந்தால் போதும், உள்ளே புகுந்த காற்று அடியிலிருந்தும் தூக்கும். குடை மடங்குவது போல ஒரே மூச்சில் கழன்றுவிடும். முதலில் பிய்வது ஓரங்களிலும் மூலைகளிலும் முகட்டிலும் இருக்கும் தகரம். அதனால் நடுவில் இருப்பதைவிட ஓரங்களில் ஆணியை நெருக்கி அடிக்க வேண்டும், ஆணியைவிடத் திருகாணி நல்லது. கூரைச் சட்டத்தையும் சுவரின் மேல்விட்டத்தையும் இணைத்து ஒரு துத்தநாகம் பூசிய தகட்டுப் பட்டை வளைத்து அடிக்கப்பட்டிருக்கும். சுவரிலிருந்து தூணுக்கும், தூணிலிருந்து அஸ்திவாரத்துக்கும் அதே மாதிரிப் பிடிப்பு வேண்டும். நடுவில் ஓர் இடத்தில் விட்டுப்போனால் மற்ற பிடிப்புகளால் பயனில்லை. பட்டையின் விலை கொஞ்சம்தான். புயலுக்குப் பிறகு பலர் வளைந்த தகரத்தை நிமிர்த்தி, பழைய ஆணி ஓட்டையோடு மறுபடி ஏற்றிக்கொண்டார்கள். வேறு வழியில்லை, மழை நிற்கவில்லையே!

சரி, பணம் மட்டும் இருந்தால் போதுமா? ஃபிஜி அரசே அதைச் செய்து பார்த்தது. 2016 ஏப்ரலில் சேதத்துக்கு ஏற்ப 1,500, 3,000, 7,000 ஃபிஜி டாலர் மதிப்புள்ள அட்டைகளைக் குடும்பங்களுக்குக் கொடுத்தது. குறிப்பிட்ட ஹார்ட்வேர் கடைகளில் அதைக் காட்டிப் பொருள் வாங்கிக்கொள்ளலாம். நல்ல யோசனைதான். ஆனால் எல்லோரும் ஒரே சமயத்தில் அதே கடைகளுக்குப் போனார்கள். மரமும் தகரமும் தீர்ந்துபோயின, பணம் கட்டிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் ஏராளம். அட்டையில் தச்சர் கூலிக்கு இடமில்லை. வருங்கால வைப்பு நிதியிலிருந்து எடுத்துக்கொள்ளவும் அரசு அனுமதித்தது. வீடு போனவர்கள் தங்கள் முதுமைக்கான சேமிப்பில் கைவைத்தார்கள். ஒரு வருடம் கழித்தும் கூடாரத்தில் இருந்த குடும்பங்கள் உண்டு. இதில் ஓசையில்லாமல் நன்றாக நடந்தது ஒன்று: ஏற்கெனவே அரசு உதவித்தொகை வாங்கிக்கொண்டிருந்த ஏழைக் குடும்பங்களுக்கு, அதே பட்டியலை வைத்துக்கொண்டு மூன்று மாதத் தொகையைக் கூடுதலாகச் சேர்த்துக் கொடுத்தார்கள். புதுப் பட்டியலோ புது விண்ணப்பமோ தேவைப்படவில்லை. அவர்கள் சீக்கிரம் எழுந்துகொண்டதாகப் பின்னால் உலக வங்கியின் ஆய்வும் சொன்னது.

இப்போது நம் வம்சாவளியினர் பற்றிய கேள்விக்கு வருகிறேன். ஃபிஜியில் இது இனத்தைப் பற்றிய கேள்வியாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது நிலம். நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ 87 சதவீதம் பூர்வகுடி ஃபிஜியர்களின் குலங்களுக்குச் சொந்தம். அந்தக் குலத்தை மத்தங்காலி என்பார்கள். அந்த நிலத்தை விற்க முடியாது, குத்தகைக்குத்தான் விடலாம். 1879 முதல் 1916 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் பேரப்பிள்ளைகள், 1903-க்குப் பிறகு சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய நம் ஆட்களின் சந்ததி உட்பட, பெரும்பாலும் குத்தகை நிலத்தில்தான் கரும்பு போட்டார்கள். 1976-ஆம் வருடச் சட்டப்படி குத்தகை முப்பது வருடம். அந்தச் சட்டத்துக்கு முன்பே தொடங்கியிருந்த பல குத்தகைகள் 1997 முதல் முடிய ஆரம்பித்தன. புதுப்பிக்க முடியாதவர்கள் வீட்டைப் பிரித்துத் தகரத்தையும் மரத்தையும் லாரியில் ஏற்றிக்கொண்டு தலைநகர் சுவா, லவுதோக்கா நகரங்களின் ஓரங்களில் போய்க் குடிசை போட்டார்கள். அங்கேயும் பலருக்குக் காகிதம் கிடையாது, நிலக்காரக் குலத்தின் வாய்மொழிச் சம்மதம் மட்டும்தான். எப்போது கிளம்பச் சொல்வார்களோ என்று இருக்கும் இடத்தில் யார் கான்கிரீட் தூண் போடுவார்கள்? பெயர்த்தெடுக்க வசதியாக லேசாகத்தான் கட்டுவார்கள். லேசாகக் கட்டியதைக் காற்று கொண்டுபோகும்.

கோரோ தீவின் கிராமத்தானுக்கு நிலம் இருக்கிறது, பாட்டன் காலத்திலிருந்து. அவனுக்கு இல்லாதது ரொக்கமும், சுவாவிலிருந்து தகரம் ஏற்றிவரும் கப்பலும். வனுவா லெவு என்ற இன்னொரு தீவில் வுனிந்தோங்கோலோவா என்ற கிராமம் கடல் ஏறியதால் 2014-ல் ஊரோடு உள்ளே இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போயிற்று. போக முடிந்ததற்கு முக்கியக் காரணம், தள்ளியிருந்த இடமும் அவர்களுடையதே. லவுதோக்கா குடிசைவாசிக்கு அப்படிப் போக இடமில்லை. ஒரே புயல், இரண்டு வேறு கஷ்டங்கள். ரா மாகாணத்தில் இரண்டு தரப்பும் பக்கத்துப் பக்கத்தில் வசிக்கிறார்கள். அங்கே ரக்கிரக்கி ஊரின் பெனாங் சர்க்கரை ஆலை வின்ஸ்டனில் அடிபட்டு, பிறகு திறக்கவே இல்லை. அந்தப் பக்கத்துக் கரும்பெல்லாம் அதன்பின் லாரியில் வெளியூர் ஆலைக்குப் போக வேண்டியதாயிற்று. வீடு கட்டிக்கொடுத்துவிடலாம், மூடிய ஆலையை யார் திறப்பார்கள்? ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில், பிரிக்காதீர்கள். 1926-ல் தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தின் பள்ளிகளில்கூட இரு தரப்புப் பிள்ளைகளும்தான் படிக்கிறார்கள்.

நிலத்தைப் பற்றி முதலிலேயே யோசித்த ஒரு தொண்டு முயற்சி உண்டு, லவுதோக்காவுக்கு வெளியே கோரோய்ப்பிட்டா. ரோட்டரியைச் சேர்ந்த பீட்டர் டிரைஸ்டேல் 1980-களிலிருந்து புயலில் வீடிழந்தவர்களுக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாக நூற்றுக்கணக்கில் சிறு வீடுகள் கட்டிக்கொடுத்தவர். தனித்தனியாக நிற்கும் வீடு அந்தக் குடும்பத்தைத் தூக்கிவிடவில்லை என்று கண்டு, ஒரே இடத்தில் ஊராகவே கட்டினார். அங்கே நிலம் அறக்கட்டளையின் பொறுப்பில். குடும்பங்கள் சிறு தொகை கட்டிக் குடியிருக்கின்றன. தண்ணீர், வடிகால், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் எல்லாவற்றையும் கவனிக்க ஆள் உண்டு. 2012 டிசம்பரில் ஈவான் புயல் அந்தப் பகுதியை நேராக அடித்தபோது அந்தச் சிறு வீடுகள் நின்றன. இதிலும் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. வீடு குடும்பத்தின் பெயருக்கு வருவதில்லை, விதிகளும் கொஞ்சம் கண்டிப்பு. ஆனால் காற்றில் பறக்கும் சொந்தக் குடிசையா இதுவா என்றால் நான் இதைத்தான் எடுப்பேன்.

உங்களை அழைத்துப் போகும் நிறுவனத்திடமும் இதையெல்லாம் கேளுங்கள். வீடு நிற்கும் நிலம் யார் பெயரில், குத்தகை இன்னும் எத்தனை வருடம்? உள்ளூர்த் தச்சருக்குப் பயிற்சியும் கூலியும் கொடுக்கிறார்களா? கடலோர உப்புக் காற்றில் பட்டை துருப்பிடிக்குமே, ஐந்து வருடம் கழித்து யார் வந்து பார்ப்பார்கள்? கோபித்துக்கொண்டால் வேறு நிறுவனம் பாருங்கள்.

அப்புறம் டிசம்பரில் போக வேண்டாம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே புயல் பருவம். ஈவான் வந்ததே டிசம்பர் 17-ஆம் தேதி வாக்கில்தான். பிள்ளைகள் கல்லூரியில் சேர்ந்த பிறகு ஜூலை விடுமுறையில் போகட்டும். மழை குறைவு, கரும்பு வெட்டும் நடந்துகொண்டிருக்கும்.