வாடிய சோளத்தட்டைத் தின்ற மாடு ஏன் சாகிறது?

கேள்வி: வெள்ளக்கோயில் பக்கம் எங்கள் பண்ணையம். வைகாசியில் விதைத்த தட்டுச்சோளம் ஆனிக் காற்றில் முழங்கால் உயரத்திலேயே சுருண்டு நின்றுவிட்டது. போன வாரத் தூறலில் அடியில் பச்சைப்பசேலென்று துளிர்த்தது. பக்கத்துக் காட்டுக்காரர் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து அதை மேய்ந்து, அரை மணி நேரத்தில் விழுந்து செத்துவிட்டது. பாம்பு தீண்டியிருக்கும் என்கிறார்கள். வருஷம் பூராவும் நாங்கள் போடுவதும் இதே சோளத்தட்டுதானே ஐயா? நஞ்சே இல்லாத சோளம் வந்துவிட்டதாமே, அந்த விதை எங்கே கிடைக்கும்?

பதில்: தம்பி, நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் பாம்பைவிட அந்தத் துளிரின் மேல்தான் எனக்குச் சந்தேகம். மூலனூர் பக்கம் ஒரு கட்டுத்தரையில் இதே மாதிரி விழுந்த கறவை மாட்டைப் பார்த்திருக்கிறேன். வாயில் நுரை, பாதி மென்ற பச்சைத்தழை, ஈறு செக்கச்செவேலென்று. அந்த வீட்டுக்கு இருந்த ஒரே மாடு அது. அந்த அம்மா கயிற்றைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

சோளத்தில் நஞ்சு நஞ்சாகவே இருப்பதில்லை. டுர்ரின் என்ற பொருள் இலையின் மேல்தோல் செல்களில் இருக்கிறது. அதை உடைக்கும் நொதி உள்ளே பச்சையம் உள்ள செல்களில் இருக்கிறது. பயிர் நிற்கும்வரை ஒன்றை ஒன்று தொடாது. மாடு மென்றதும் இரண்டும் கலந்து ஹைட்ரஜன் சயனைடு வெளியேறுகிறது. அசை போடும் மாட்டின் முதல் வயிற்று நுண்ணுயிர்களும் அந்த வேலையைச் செய்வதால் மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஆபத்து அதிகம். சயனைடு ஏறியதும் ரத்தத்தில் பிராணவாயு இருந்தும் செல்களால் அதை எடுக்க முடியாது. ஈறு சிவப்பது அதனால்தான்.

ஒரே சோளம் ஒரு நாள் தீவனம், ஒரு நாள் நஞ்சு என்றால், அது பயிரின் வயதையும் நிலையையும் பொறுத்தது. காய்ந்த விதையில் டுர்ரின் இல்லை. முளைத்த சில நாளில் குருத்து நுனியின் உலர் எடையில் 30 சதவீதம் வரை அதுவாகவே இருக்கும். பயிர் வளர வளர இலையில் குறைந்துகொண்டே வரும். வறட்சியில் வளர்ச்சி நின்றால் குறைய வேண்டியது குறையாது. யூரியா அதிகம் போட்டிருந்தால் இன்னும் ஏறும், ஏனென்றால் டுர்ரினுக்குள் இருப்பது தழைச்சத்துதான். மழைக்குப் பின் வரும் துளிர் முழுக்க இளங்குருத்து. அதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

கணக்கைப் பாருங்கள். உயிர் எடையில் கிலோவுக்குச் சுமார் 2 மில்லிகிராம் சயனைடு போதும் மாட்டைக் கொல்ல. 300 கிலோ மாட்டுக்கு 600 மில்லிகிராம். ஒரு கிலோ பசுந்தழையில் 200 மில்லிகிராம் இருந்தால் மூன்று கிலோ தழை, அதாவது ஒரு அணைப்பு. பசியோடு வந்த மாடு அதைத் தின்ன எவ்வளவு நேரம் ஆகும்?

நீங்கள் கேள்விப்பட்டதும் பொய் இல்லை. டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து மூன்று நொதிகள் அடுத்தடுத்து வேலை செய்து டுர்ரினை உண்டாக்குகின்றன. இவை செல்லுக்குள் ஒரே சவ்வின் மேல் கூட்டமாக இயங்குவதை 2016இல் கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதற்கு முன்பே, 2012இல், ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் முதல் நொதியின் மரபணுவில் ஒரே ஒரு மாற்றத்தால் டுர்ரின் அறவே இல்லாமல் போன சோளத்தைக் கண்டெடுத்தார்கள். வேறு உயிரின் மரபணுவைப் புகுத்தவில்லை, விதையை ரசாயனத்தில் நனைத்து உண்டான மாற்றம்தான். நாற்றுப் பருவத்தில் மட்டும் கொஞ்சம் மெதுவாக வளர்ந்தது. எனக்கு இதில் நிறைய நம்பிக்கை உண்டு. ஆனால் அதை நம்பி இந்த வருஷப் பண்ணையத்தை ஓட்ட முடியாது. யாராவது அந்தப் பெயரில் விதை கொண்டுவந்தால் காசு கொடுத்துவிடாதீர்கள்.

நம்மிடம் இருப்பதை ஒழுங்காக அறுத்தாலே போதும். அறுத்த பின் திரும்பத் தழைக்கும் (மறுதாம்பு விடும்) கோ எஃப்எஸ் 29 மாதிரி தீவனச்சோள ரகத்துக்கு முதல் அறுப்பு 65 முதல் 70 நாளில். எந்த ரகமானாலும் பூட்டை, அதாவது கதிர், வெளிவந்து பூக்கும்போது அறுப்பது பாதுகாப்பு. பசியோடு இருக்கும் மாட்டுக்கு முதலில் கொஞ்சம் வைக்கோல் கொடுங்கள், அப்புறம் பச்சை. நன்றாகக் காய்ந்த தட்டில் பயம் வெகு குறைவு. சந்தேகமாக இருந்தால் தழையைக் கால்நடை ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள்.

மாடு மூச்சு வாங்கித் தள்ளாடினால் உடனே கால்நடை அவசர உதவி எண் 1962க்குப் பேசுங்கள். முதல் வார்த்தையே "சோளம் மேய்ந்தது" என்று இருக்கட்டும். சோடியம் தயோசல்பேட்டை நரம்பில் ஏற்றினால் பிழைக்க வழி உண்டு. வறட்சிப் பயிரில் நைட்ரேட்டும் சேரும், அதில் ரத்தம் காப்பி நிறமாகிவிடும், மருந்தும் வேறு. அதனால் டாக்டர் வரும்போது ஈறின் நிறத்தைப் பார்த்துச் சொல்லத் தவறாதீர்கள்.

இப்போது நிற்கும் பயிரை அழிக்க வேண்டாம். கிணற்றில் தண்ணீர் இருந்தால் ஒரு தண்ணீர் விட்டு, பூட்டை வரும்வரை வளர விடுங்கள். தண்ணீர் இல்லையென்றால் அறுத்துச் சருகாகக் காயவைத்துப் போர் போடுங்கள். அதுவரை கிளுவை வேலியில் மாடு புகுந்த சந்தை முள் வைத்து அடைத்துவிடுங்கள். பக்கத்துக் காட்டுக்காரரிடமும் இதைச் சொல்லுங்கள், அவர் பட்டியில் இன்னும் மாடுகள் இருக்கும்.