ஒன்றரை வயதுக் குழந்தை பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, ஆட்டிசமாக இருக்குமா?

அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. முதலில் காது பரிசோதனை செய்துவிடுங்கள். கேட்கும் திறன் குறைந்த குழந்தையும் இப்படித்தான் திரும்பாமல் இருக்கும்.

பேச்சு வரவில்லையே என்றுதான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். நான் அதைவிட முக்கியமாகக் கவனிக்கச் சொல்வது விரலை. வானத்தில் விமானம் போனால் சுட்டிக்காட்டிவிட்டு, நீங்களும் பார்க்கிறீர்களா என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறதா? பிஸ்கட் கேட்டுக் கை நீட்டுவது வேறு, தான் ரசித்ததை உங்களுக்குக் காட்டுவது வேறு. இரண்டாவது இந்த வயதுக்குள் வந்திருக்க வேண்டும். அது இல்லாமல், கண்ணைப் பார்ப்பதும் குறைந்து, உங்கள் கையை ஒரு கருவி போல இழுத்துப்போய்ப் பொருளை எடுக்க வைத்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். பொம்மைக் காரின் சக்கரத்தையே நெடுநேரம் சுற்றுவது, மிக்ஸி சத்தத்துக்குக் காதைப் பொத்துவது எல்லாம் கூடவே இருக்கலாம். வந்த சொற்கள் மறைந்துபோனால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

"இவன் அப்பனும் மூணு வயசுலதான் பேசினான்" என்று பாட்டி சொல்வார். சரி, ஆறுதலுக்குச் சொல்கிறார், ஆனாலும் காத்திருக்காதீர்கள். 16 முதல் 30 மாதம் வரையிலான குழந்தைகளுக்கு ஆட்டிசத்துக்கான அறிகுறி இருக்கிறதா என்று பார்க்க எம்-சாட் என்ற 20 கேள்விகள் கொண்ட முதற்கட்டச் சோதனை இருக்கிறது. தமிழ்நாட்டில் என்றால், குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைக் கவனிக்கும் அரசின் மாவட்ட இடையீட்டு சேவை மையத்தில் இலவசமாகப் பார்ப்பார்கள். முடிவு தெரியும்வரை குழந்தைக்குப் பேசவும் பழகவும் உதவும் பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை, இப்போதே தொடங்கலாம்.