கம்பத்தின் ரீங்காரம்

அன்புள்ள ஐயா,

என்னிடம் ஏறக்குறைய நானூறு டிவிடிகள் இருக்கின்றன. பாதி பர்மா பஜார் நாட்களில் சேர்த்தவை, மீதி முறையாகக் கடையில் வாங்கியவை. போன தீபாவளிக்கு 55 அங்குல 4கே டிவி வாங்கினோம். அதில் பழைய டிவிடிகளைப் போட்டால் பார்க்கச் சகிக்கவில்லை. எல்லாவற்றையும் கூடுதல் தெளிவான ப்ளூரே டிஸ்க்கில் திரும்ப வாங்கிவிடலாமா என்று யோசிக்கிறேன். சோதித்துப் பார்க்க இரண்டு படம் வாங்கினேன். அதில் ஒன்று கறுப்பு வெள்ளை. திரை முழுக்கப் புள்ளி புள்ளியாக ஊர்கிறது. இத்தனை காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்கில் இப்படியா? நண்பர் ஒருவர் டிவியில் ‘நாய்ஸ் ரிடக்‌ஷன்’ போடச் சொன்னார். போட்டதும் பளிச்சென்று ஆகிவிட்டது. எல்லாம்தான் ஓடிடியில் வருகிறதே, எதற்கு இந்தத் தண்டச்செலவு என்கிறார் மனைவி. தமிழ்ப் படங்கள் மட்டும் நூற்றைம்பது இருக்கின்றன. அவற்றையும் மாற்றலாமா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

இந்த மாதிரிக் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. எந்த ஃபோன் வாங்கலாம், எந்த மிக்ஸி நல்லது என்று கேட்டால் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆனால் ‘புள்ளி புள்ளியாக ஊர்கிறது’ என்று எழுதியிருந்தீர்கள் பாருங்கள், அந்த வரியில் நின்றுவிட்டேன். போன மாதம் ஒரு உறவினர் வீட்டில் அந்தப் புள்ளிகளுக்காகச் சண்டை போட்டுவிட்டு வந்தவன் நான். இன்னும் ஆறவில்லை.

முதலில் சில்லறை விஷயங்களை முடித்துவிடுகிறேன். உங்கள் வீட்டில் சொல்வது பாதி சரி. ஓடிடியில் 4கே படம் பார்க்க நொடிக்கு 15 மெகாபிட் வேகம் போதும் என்கிறார்கள். 4கே டிஸ்க்கில் அது நூறைத் தாண்டியும் போகும். இருட்டுக் காட்சியிலும் புகையிலும் அந்த வித்தியாசம் தெரியும், சமையலறையிலிருந்து எட்டிப் பார்ப்பவருக்குத் தெரியாது. ஒப்பந்தம் முடிந்ததும் ஓடிடியிலிருந்து படம் காணாமல் போவதைப் பற்றி ஏற்கெனவே போதுமான அளவு புலம்பியாகிவிட்டது. விடுங்கள்.

டிவிடியின் ஒரு ஃபிரேமில் 720க்கு 576 புள்ளிகள், ப்ளூரேயில் 1920க்கு 1080, 4கே டிஸ்க்கில் 3840க்கு 2160. கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் 55 அங்குல டிவியில் 4கேயின் ஒவ்வொரு புள்ளியையும் நல்ல கண் பிரித்தறிய வேண்டுமென்றால் நான்கடிக்குள் உட்கார வேண்டும். உங்கள் சோபா எங்கே கிடக்கிறது என்று அளந்து பாருங்கள். இதைவிட எனக்குப் பெரிதாகப் பட்ட ஒரு லாபம் உண்டு, அதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. ஐரோப்பாவில் வந்த பழைய டிவிடிகளில் நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்த படத்தை 25ஆக ஓட்டியிருப்பார்கள். இரண்டு மணி நேரப் படம் ஐந்து நிமிஷம் முன்னாலேயே முடிந்துவிடும். நடிகர் குரலும் ஒரு பிடி மேலேறியிருக்கும். வருஷக்கணக்காக நாம் அவசரப்பட்ட படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ப்ளூரே அவற்றை நிதானமாக நடக்கவிட்டது.

சரி, புள்ளிகள்.

நீங்கள் குறை என்று எண்ணி அழித்தது படத்தின் உடம்பை. ஃபிலிமில் பூசியிருப்பது வெள்ளி உப்பின் பொடி. ஒளி பட்ட துகள்கள் ரசாயனத்தில் கறுத்து நிற்கும், படாதவை கழுவிப் போகும். வண்ணப் படமென்றால் வெள்ளியையும் கழுவி எடுத்துவிட்டுச் சாயத் திட்டுகளை விட்டுவைப்பார்கள். அவ்வளவுதான் சினிமாப் படம் என்பது. ஒரு ஃபிரேமில் இருக்கும் துகள் அடுத்த ஃபிரேமில் அதே இடத்தில் இருக்காது, நொடிக்கு 24 முறை மாறும். அதுதான் உங்களுக்கு ஊர்வதுபோலத் தெரிகிறது. வாசலில் போட்ட கோலத்தைக் குனிந்து பார்த்தால் கோடு முழுக்க மாவுத்துகள்தானே? மாவு இறைந்து கிடக்கிறது, கோட்டை மட்டும் வைத்துக்கொண்டு அதைத் துடைத்துவிடு என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள், என்ன கிடைக்கிறதென்று பார்க்கலாம்.

உங்கள் நண்பர் போடச் சொன்ன அந்த பட்டனுக்கு முகத்திலுள்ள சுருக்கம் எது, ஃபிலிமின் துகள் எது என்று தெரியாது. பக்கத்துப் பக்கத்து ஃபிரேம்களை ஒப்பிட்டு, மாறுவதையெல்லாம் அழுக்கு என்று எண்ணித் தேய்த்துவிடும். தூறல் போகும். தூசி போகும். மூன்று நாள் தாடி போகும். டிவியில் மட்டுமில்லை, டிஸ்க் தயாரித்தவர்களே இந்த வேலையைச் செய்ததுண்டு. ‘பிரிடேட்டர்’ படத்துக்கு 2010ல் வந்த ப்ளூரேயில் காட்டுக்குள் வியர்த்து வழியும் சிப்பாய்கள் எல்லாரும் மெழுகுப் பொம்மைகளாக நின்றார்கள். வாங்கியவர்கள் திட்டித் தீர்த்தார்கள்.

உறவினர் வீட்டுச் சண்டையும் இதற்குத்தான். சத்யஜித் ராயின் வங்காளப் படம் ‘பதேர் பாஞ்சாலி’ போட்டிருந்தார்கள். இந்திர் பாட்டியாக வரும் சுனிபாலா தேவிக்கு நடிக்கும்போது வயது எண்பது. அந்த முகத்தில் ஒரு கிராமத்தின் வரைபடமே இருக்கும். அவர்கள் டிவியில் அது மாவு தடவிய அப்பளம்போல வழவழவென்று இருந்தது. ரிமோட்டைக் கேட்டேன். “நல்லாத்தானே மாமா இருக்கு, எதுக்கு நோண்டுறீங்க?” என்றான் பையன். நோண்டினேன். பாட்டி திரும்பி வந்தாள். “புள்ளியா இருக்கு” என்று மறுபடியும் பட்டனைப் போட்டுவிட்டான். சாப்பிடாமல் கிளம்பி வந்துவிட்டேன். வயதாகிவிட்டது என்று பின்னால் பேசியிருப்பார்கள்.

அந்தப் படத்தை நான் முதலில் பார்த்தது 1986ல், திருநெல்வேலியில், ஒரு பள்ளிக்கூடத்து டிராயிங் ஹாலில். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். தகரப்பெட்டியில் ரயிலேறி வந்த 16 எம்.எம். பிரிண்ட். ஊர் ஊராகச் சுற்றி மேலெல்லாம் மழை பெய்த மாதிரி கீறல். பெஞ்சின் மேல் புரொஜக்டர், எங்கள் முதுகுக்குப் பின்னால் நாலடியில், சாக்கு மில் மாதிரி இரைந்துகொண்டு. ஒரே மெஷின் என்பதால் ரீல் மாற்றும்போது விளக்கைப் போட்டு டீ கொடுப்பார்கள். ஆங்கில சப்டைட்டில் வெள்ளை எழுத்தில் ஓடும். அக்காவும் தம்பியும் ரயில் பார்க்க ஓடும் இடத்தில் காடு முழுக்க நாணல் வெள்ளையாகப் பூத்திருக்கிறதல்லவா, வெள்ளை மேல் வெள்ளை, ஒரு எழுத்தும் தெரியாது. மெஷின் ஓட்டிய அண்ணாச்சி அங்கிருந்தே உரக்கச் சொல்வார்: “பிள்ளையோ ரெண்டும் ரயிலு பாக்க ஓடுதுவ.” எனக்கு அந்தப் படத்தின் முதல் வசனம் அதுதான்.

அந்த நாணலைப் படம்பிடித்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ராய் 1952 அக்டோபரில் ஒரு நாள் எடுத்துவிட்டு அடுத்த வாரம் போனால், பூவையெல்லாம் மாடு மேய்ந்துவிட்டது. மறுவருஷம் பூக்கும்வரை காத்திருந்து மிச்சத்தை எடுத்தார். ஒரு வருஷம் காத்திருந்து எடுத்த பூ எங்கள் பிரிண்டில் சுண்ணாம்புப் பூச்சாகத்தான் தெரிந்தது. பின்னால் நான் வாங்கிய டிவிடியிலும் ஏறக்குறைய அதே சுண்ணாம்புதான். ஏனென்றால் அந்த டிவிடியும் அப்படி ஒரு தேய்ந்த பிரிண்டிலிருந்து எடுத்ததுதான். அதையே ப்ளூரேயில் அழுத்திக் கொடுத்திருந்தால் கூடுதல் தெளிவோடு சுண்ணாம்பைப் பார்த்திருப்பேன்.

நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி இதுதான் எஸ். டிவி, காசு, புள்ளி, ஓடிடி, எல்லாம் எழுதினீர்கள். எதிலிருந்து எடுத்தார்கள் என்று கேட்கவில்லை. முந்தாநாள் குழம்பை வெள்ளிக் கிண்ணத்தில் ஊற்றினால் முந்தாநாள் குழம்புதான்.

ராயின் நெகடிவ்கள், அதாவது கேமராவில் ஓடிய மூலச் சுருள்கள், 1993 ஜூலையில் லண்டனில் ஒரு ஃபிலிம் லேபில் தீப்பிடித்துக் கருகின. சீர்செய்ய அனுப்பிய இடத்தில்! மிஞ்சியது உருகி ஒட்டிக்கொண்ட சுருள்கள். எந்த மெஷினிலும் ஏறாது. ஆனாலும் ஆஸ்கர் அகாடமி அதைக் குப்பையில் போடவில்லை, பத்திரப்படுத்தி வைத்தது. இருபது வருஷம் கழித்து இத்தாலியில் பொலோனியா நகரத்தில் அதைப் பிரித்தார்கள். காய்ந்து முறுகிய ஃபிலிமுக்கு ஈரம் ஏற்றி, பழைய ஒட்டுகளை எடுத்துவிட்டு, கிழிந்த ஓரத்துளைகளைச் சரிசெய்து, ஏறக்குறைய ஆயிரம் மணி நேரம் கையாலேயே வேலை. ‘பதேர் பாஞ்சாலி’யில் 40 சதவீதத்தை எரிந்த அந்த நெகடிவிலிருந்தே மீட்டார்கள். மற்ற இடங்களை வேறு பிரதிகளிலிருந்து நிரப்பி 4கேயில் ஸ்கேன் செய்து 2015ல் திரைக்குக் கொண்டுவந்தார்கள். இந்தப் படத்துக்குப் பட்டனைப் போட்டால் தேய்ந்துபோவது நெருப்பு விட்டுவைத்த துகள்கள். கோபம் வருமா வராதா?

இதை எழுதும்போது நம் ஊர் ஞாபகம் வராமல் இருக்காது. இயக்குநர் அரவிந்தனின் ‘தம்பு’ 1978ல் வந்த மலையாளப் படம். மூல நெகடிவே இல்லை. பிரதி நெகடிவிலிருந்து மீட்டு 2022ல் கான் திரைப்பட விழாவில் காட்டினார்கள். அந்த வேலையில் ஒரு பங்கு நடந்தது சென்னையில், பிரசாத் நிறுவனத்தில். கை இருக்கிறது, மெஷின் இருக்கிறது, சாலிகிராமத்துக்கு பஸ்ஸும் இருக்கிறது. நம் படங்களின் நெகடிவ் எங்கே? 2012ல் சிவாஜியின் ‘கர்ண’னைத் துடைத்துத் தியேட்டரில் விட்டபோது ஜனங்கள் குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்த்தார்கள், நூறு நாள் தாண்டி ஓடியது. ஆசை இல்லாத ஜனங்களா நாம்? மௌனப்படக் காலத்துச் சுருள்களை வெள்ளிக்காக உரித்து விற்ற தேசம் இது. அந்தப் புத்தி இன்னும் முழுசாகப் போகவில்லை.

ஆகவே உங்கள் நூற்றைம்பது தமிழ் டிஸ்க்குகளைத் தொடாதீர்கள். அவற்றில் பலவற்றுக்கு மாற்றே வரவில்லை. ‘எச்டி’ என்று அட்டையில் போட்டு வருவதில் கணிசமானவை பழைய வீடியோ டேப்பை இழுத்துப் பெரிதாக்கியவை. மூலையில் கம்பெனி முத்திரை, பாட்டுக்கு நடுவில் ஃபோன் நம்பர், தலை வெட்டுப்பட்ட ஃபிரேம், எல்லாம் கூடுதல் தெளிவோடு தெரியும். நாளைக்கு நெகடிவ் கிடைக்காத படத்துக்கு உங்கள் அலமாரியில் இருக்கும் அந்த அசிங்கமான டிஸ்க்தான் ஆதாரம் என்று ஆனாலும் ஆகலாம். பூஞ்சை பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்ற இருநூற்றைம்பதில் நீங்கள் மூன்று முறைக்கு மேல் பார்த்தவை எத்தனை? பதினைந்து தேறினால் அதிகம். அவற்றை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றும் எதிலிருந்து ஸ்கேன் செய்யப்பட்டது என்று அட்டையில் பாருங்கள். யோக்கியமான கம்பெனிகள் அச்சிட்டிருப்பார்கள். அச்சிடாவிட்டால் வாங்க வேண்டாம். எந்த டிஸ்க் எந்த நாட்டு பிளேயரில் ஓடும் என்று மண்டலம் பிரித்து வைத்திருக்கிறார்கள்; அமெரிக்க ப்ளூரே பெரும்பாலும் ஏ மண்டலம், நம்முடையது சி. இங்கே கடையில் வாங்கிய பிளேயரில் ஓடாமல் போகும், எல்லா மண்டலமும் ஓடும் பிளேயராகக் கேட்டு வாங்குங்கள். 4கே டிஸ்க்குக்கு அந்த மண்டலத் தொல்லை கிடையாது. பிளேயர் செய்கிறவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டு வருகிறார்கள், 2018ல் ஓப்போ, 2019ல் சாம்சங். வாங்குவதென்றால் தள்ளிப்போடாதீர்கள். டிவியில் துகளைத் தேய்க்காத ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ இருந்தால் அதைப் போட்டுவிட்டு ரிமோட்டை ஒளித்து வையுங்கள். நண்பர் வரும் நாளில் முக்கியமாக.

முதலில் ‘பதேர் பாஞ்சாலி’ ஒன்றை மட்டும் வாங்குங்கள். ராத்திரி வீடு அடங்கியபின் போடுங்கள். நாணல் காட்டுக்குள் போகும்முன் ஃபேனை நிறுத்திவிடுங்கள், வேர்த்தால் வேர்க்கட்டும். அங்கே ஒரு தந்திக் கம்பம் வரும். அக்கா துர்கா அதில் காதை வைத்துக் கேட்பாள். அந்த ரீங்காரத்தை நான் முதன்முதலாகக் கேட்டது 2016ல், இந்த டிஸ்க்கில்தான். அதுவரை முப்பது வருஷம் அந்த இடத்தில் என் நினைவில் இருந்தது டிராயிங் ஹாலின் புரொஜக்டர் இரைச்சல் மட்டும். கம்பம் பாடுவதே எனக்குத் தெரியாது. அந்தப் பெண் எதைக் கேட்கிறாள் என்று தெரியாமலேயே அவளை அத்தனை வருஷம் நேசித்திருக்கிறேன்.

மனசு தாங்காமல் மறுநாள் காலையில் அண்ணாச்சிக்கு ஃபோன் போட்டேன். எண்பதைத் தாண்டிவிட்டார், காது மந்தம், நாலு தரம் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. கம்பம் அண்ணாச்சி, கம்பத்துலேருந்து ஒரு சத்தம் வருது, நாமதான் கேக்கல்ல. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்:

“என்னடே சொல்லுத? அது நம்ம மிசின் சத்தம்லா.”