வண்டியின் டெம்பரேச்சர் முள் ஏறினால் முதலில் எதைப் பார்ப்பது?

கேள்வி: 2008 மாடல் டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கப் பேசி வருகிறேன். சமவெளியில் டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நிற்கிறது. மேட்டுப்பாளையம் தாண்டி, கல்லாறிலிருந்து குன்னூர் ஏற்றத்தில் சிவப்பைத் தொடுகிறது. 'மீட்டர்தான் கோளாறு' என்கிறார் விற்பவர். 'ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்பாகமான ஹெட்டுக்கும் நடுவே உள்ள சீல்) போயிருக்கும்' என்கிறார் மெக்கானிக். எதை நம்பி முன்பணம் கொடுப்பது?

பதில்: சோதித்துப் பார்க்காமல் இரண்டையுமே நம்ப வேண்டாம். ஏற்றத்தில் மட்டும் ஏறி, இறக்கத்தில் தானாக இறங்கும் முள் பெரும்பாலும் உண்மையைத்தான் காட்டும். ஆனாலும் மீட்டரிலிருந்தே தொடங்குங்கள், அதற்குச் செலவே இல்லை. இன்ஜின் ஓடும்போது ஹெட்லைட், வைப்பர், புளோயர் மூன்றையும் போடுங்கள். முள் சட்டென எகிறி, டீசல் முள்ளும் கூடவே நகர்ந்தால் டேஷ்போர்டு எர்த்தில் கோளாறு, அல்லது மீட்டருக்கு வரும் வோல்டேஜில் கோளாறு. பிறகு இன்ஜினில் உள்ள டெம்பரேச்சர் சென்சாரின் ஒயரைக் கழற்றிவிட்டுச் சாவியைப் போடுங்கள். முள் அடியில் கிடக்க வேண்டும். மேலே போனால் ஒயர் எங்கோ பாடியில் உரசி எர்த் ஆகிறது.

அடுத்து, தொடாமலே சூட்டை அளக்கும் டெம்பரேச்சர் கன் ஒன்றை இரவல் வாங்குங்கள். தெர்மோஸ்டாட் (தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு) இருக்கும் ஹவுசிங்கில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, அதன் மேல் காட்டி அளக்க வேண்டும். பளபளக்கும் அலுமினியத்தில் நேரடியாக அளந்தால் அளவு குறைத்தே வரும். 80 முதல் 95 டிகிரி வரை இயல்பு. ஏற்றத்தில் வண்டியை ஓரங்கட்டி அளக்கும்போது 105-ஐத் தாண்டினால் சூடு நிஜம்.

நிஜம் என்றால், எப்போது ஏறுகிறது என்பதுதான் பாதி விடை. டிராஃபிக்கில் நின்றால் ஏறி, ஓடினால் இறங்கினால் ஃபேன், ஃபேன் பெல்ட் பக்கம் பாருங்கள். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல்லாக விறைத்தால் கேஸ்கெட் பக்கம். உங்கள் வண்டியைப் போல, இன்ஜினுக்கு முழு பாரம் விழும் ஏற்றத்தில் மட்டும் ஏறினால் முதல் சந்தேகம் ரேடியேட்டர். போர் தண்ணீரையே ஊற்றி ஓட்டிய வண்டிகளில் உப்பு படிந்து டியூப்கள் அடைத்திருக்கும். இன்ஜின் சூடாக இருக்கும்போது, அதை நிறுத்திவிட்டு ரேடியேட்டர் முகம் முழுக்க கன்னை ஓட்டுங்கள். மேலிருந்து கீழே வர வர வெப்பம் சீராகக் குறைய வேண்டும். நடுவே ஒரு திட்டு மட்டும் 10, 15 டிகிரி தணிந்திருந்தால் அங்கே தண்ணீர் ஓடவில்லை. ஏசி வண்டியானால் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே அடைந்த தூசியையும் பாருங்கள், வெளியிலிருந்து அது தெரியாது. கீழ் ஹோஸையும் விடாதீர்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் துருப்பிடித்துப் போயிருந்தால், ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது பம்ப் உறிஞ்சி ஹோஸ் சப்பையாகிவிடும்.

மலைப்பாதையில் இன்னொன்று உண்டு, ரேடியேட்டர் மூடி. குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி அழுத்தம் பிடித்தால்தான் கொதிநிலை மேலே போகும். ரப்பர் சீல் வெடித்த மூடியோடு கோவையில் பிரச்சினையில்லாமல் ஓடும் வண்டி, குன்னூரில் பொங்குவதற்கு அதுவே போதும். மூடியில் எழுதியிருக்கும் அதே அளவு அழுத்தத்தில் புதியது போட்டு ஒருமுறை ஏறிப் பாருங்கள்.

ஹெட் கேஸ்கெட்டுக்கு: முற்றிலும் ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து, தண்ணீரை நிரப்பி ஸ்டார்ட் செய்யுங்கள். தொடக்கத்தில் வரும் சில குமிழ்கள் வெறும் காற்று. ஆக்சிலரேட்டரைக் கூட்டக் கூட்டக் குமிழ் விடாமல் வந்தால் சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீரில் கலக்கிறது. பழைய மெக்கானிக்கல் பம்ப் இன்ஜினில், ஐடிலில் ஓடும்போது இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொன்றாக மெக்கானிக்கை விட்டுத் தளர்த்தச் சொல்லுங்கள். எந்த சிலிண்டரில் குமிழ் குறைகிறதோ, கசிவு அங்கே. காமன் ரெயில் இன்ஜினில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து மிக உயர்ந்த அழுத்தத்தில் டீசல் போகும் வகை) இதைச் செய்யவே கூடாது, அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைக்கும்.

ரேடியேட்டர்தான் என்று தெரிந்தால் கோர் (டியூப்கள் உள்ள நடுப்பகுதி) மாற்றும் செலவைக் கழித்து விலை பேசலாம். குமிழ் வந்தால் வண்டியை விட்டுவிடுங்கள். ஹெட் வளைந்ததா, வால்வுகளுக்கு நடுவே வெடித்ததா என்பது கழற்றி பிரஷர் டெஸ்ட் செய்தால்தான் தெரியும், அந்தச் செலவுக்கு இப்போதே எல்லை சொல்ல முடியாது.

கேள்வி: தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் சூடு குறையும் என்கிறார்களே?

பதில்: செய்யாதீர்கள். பல டீசல் இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடித்தட்டு பைபாஸ் வழியை அடைக்கும். அதை எடுத்துவிட்டால் பாதித் தண்ணீர் ரேடியேட்டருக்கே போகாமல் இன்ஜினுக்குத் திரும்பி, ஏற்றத்தில் சூடு கூடும். சமவெளியிலோ இன்ஜின் சூடேறாமல் டீசலைக் குடிக்கும். வாங்கும் வண்டியில் அது இருக்கிறதா என்று ஹவுசிங்கைத் திறந்து பாருங்கள். இருந்தால் ஒரு பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள், மேலே பொறித்திருக்கும் டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்க வேண்டும்.